கூட்ட அறைக்குள் கணக்கைக் கொண்டுபோவது எப்படி? தரவு ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரியின் தொடக்கம். கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கூட்ட அறை. சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் தரவு ஆய்வாளனாக நிர்வாகக் குழுவின் முன் நின்றுகொண்டிருந்தேன். ஜனவரி விற்பனை, முந்தைய ஆண்டு ஜனவரியைவிட நன்றாக ஏறியிருந்தது. நாங்கள் அனுப்பிய கைப்பேசிக் கூப்பன்கள்தாம் காரணம் என்று எட்டு ஸ்லைடுகளில், மூன்று புள்ளியியல் சோதனைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிறுவினேன். நிதித் துறைத் தலைவி ஐம்பதைக் கடந்த சீனப் பெண்மணி. குறுக்கிடாமல் கேட்டு முடித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஆண்டு சீனப் புத்தாண்டு எந்தத் தேதி?"

ஜனவரி 29. சென்ற ஆண்டு பிப்ரவரி 10. புத்தாண்டுக்கு முந்தைய கொள்முதல் முழுவதும் இந்த முறை ஜனவரிக்குள் விழுந்துவிட்டது. 2024இல் கடைகளில் கூட்டம் நெரியும் கடைசி ஒன்பது நாள்கள் பிப்ரவரியில் இருந்தன. புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டி தூக்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒன்று, தரவிலிருந்து நான் கட்டிய கணக்கு மாடலுக்குத் தெரியவில்லை. அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, கூட்ட அறைக்குப் போகும் முறையையே மாற்றிக்கொண்டேன். மாற்றிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாடல் கட்டுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கட்டியதைக் கொண்டுபோய் ஒரு முடிவாக மாற்றுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் படி: என்ன முடிவு, யார் எடுப்பது?

ஸ்லைடு மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்தக் கூட்டத்தில் என்ன முடிவு எடுக்கப்பட வேண்டும்? அதற்கு "சரி" சொல்லும் அதிகாரம் யாருக்கு?

இரண்டாவது கேள்வியை லேசாக எண்ண வேண்டாம். மேசையின் தலைமாட்டில் டத்தோ பட்டம் பெற்ற தலைவர் அமர்ந்திருப்பார்; ஆனால் பணத்துக்குக் கையெழுத்திடுபவர் அவருக்கு இடப்பக்கம் இருப்பார்; அமல்படுத்த வேண்டியவரோ கடைக்கோடி நாற்காலியில் இருப்பார். கடைக்கோடி நாற்காலிக்காரர் மனம் வைக்காவிட்டால், எடுத்த முடிவு கூட்டக் குறிப்போடு நின்றுவிடும். மூவருக்கும் மூன்று கவலை. நிதிக்காரர் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று பார்ப்பார். விற்பனைக்காரர் தன் இலக்கைப் பார்ப்பார். கடைகளை நடத்துபவர், இருக்கும் ஆட்களை வைத்து இதை எப்படிச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

முதல் கேள்விக்கு உங்களால் பதில் எழுத முடியவில்லை என்றால் கூட்டம் வேண்டாம், மின்னஞ்சல் போதும்.

இரண்டாம் படி: கூட்டத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள்

என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, அறையில் இருக்கப்போகும் முக்கியமானவர்களைத் தனித்தனியே பதினைந்து நிமிடம் சந்தியுங்கள். மாமாக் உணவுக்கடையில் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) போதும். "எனக்குக் கிடைத்திருப்பது இது. உங்கள் கடைகளில் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள்.

இதில் இரண்டு லாபம். அவர்களுக்குத் தெரிந்த, தரவில் இல்லாத செய்தி வெளியே வரும். ஒரு கிளையின் விற்பனை சரிந்ததற்கு வாடிக்கையாளர் விசுவாசம் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். கிளை மேலாளர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "வாசலில் மூன்று மாதமாகச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தம்பி. கார் நிறுத்த இடமில்லை." இன்னொரு லாபம், யாரும் கூட்டத்தில் திடுக்கிட மாட்டார்கள். ஒருவருடைய துறையில் ஓட்டை இருப்பதை அவருடைய மேலதிகாரி முன்னிலையில் முதன்முறையாகச் சொன்னால், உங்கள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர் அதை எதிர்த்தே தீருவார். நம் ஊரில் இது இன்னும் கூடுதல். நால்வர் நடுவில் முகம் கோணிவிட்டால் அந்த மனிதரை நெடுநாளைக்குத் திரும்பப் பெற முடியாது.

மூன்றாம் படி: ஒரே வாக்கியம்

என் அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். பால் நிறுத்து முடிந்ததும் மானேஜரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். கையில் செக்ரோல் புத்தகம் இருக்கும். யார் வந்தார்கள், யார் எத்தனை மரத்தில் பால் வெட்டினார்கள், யார் பால் எவ்வளவு என்று வரிசை வரிசையாக. ஆனால் அப்பா புத்தகத்தைத் திறக்க மாட்டாராம். "இன்றைக்குப் பால் குறைவு. விடியற்காலை மழையில் மேட்டு நிரையில் வெட்டு நடக்கவில்லை. நாளை மழை இல்லையென்றால் பத்துப் பேரை அங்கே கூடுதலாகப் போடலாமா?" அவ்வளவுதான். மானேஜர் கேட்டால் மட்டும் புத்தகம் திறக்கும்.

என்ன நடந்தது, ஏன், என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அப்பா எந்தப் பல்கலைக்கழகத்திலும் தரவு அறிவியல் படிக்கவில்லை.

நமக்குக் கல்லூரியில் பழக்கியது தலைகீழ் வரிசை: பின்னணி, தரவு, முறை, முடிவுகள், கடைசியில் பரிந்துரை. ஆய்வுக் கட்டுரைக்கு அது பொருந்தும். நிர்வாகிகளிடம் பரிந்துரையை முதல் ஸ்லைடில் வையுங்கள். அந்த வாக்கியத்தை எழுதியதும் ஒரு சோதனை செய்வேன். வீட்டில் யாரிடமாவது அதைத் தமிழில், கலைச்சொல் கலக்காமல் சொல்லிப் பார்ப்பேன். அலுவலகத்தில் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வி மலாயில் வரும், நடைகூடத்தில் கேண்டனீஸ் ஓடும். அது வேறு. தமிழில் சொல்லத் தடுமாறினேன் என்றால் விஷயம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

நான்காம் படி: எல்லாவற்றையும் ரிங்கிட்டுக்கு மாற்றுங்கள்

இங்கே ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைகள் வைத்திருக்கும் ஒரு பேரங்காடி. உறுப்பினர் அட்டை வைத்திருப்போர் 40,000 பேர். காலாண்டுக்கு 2,000 பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். யார் நிற்கப்போகிறார்கள் என்று கணிக்க ஒரு மாடல் கட்டியிருக்கிறீர்கள்.

முதல் பொறி: "எங்கள் மாடலின் துல்லியம் 95 விழுக்காடு" என்று சொல்வது. "யாருமே போக மாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் இங்கே அதே 95 விழுக்காடு கிடைக்கும். 40,000 பேரில் 38,000 பேர் போவதில்லையே. அறையில் ஒரே ஒருவருக்கு இது தெரிந்திருந்தாலும் உங்கள் கதை முடிந்தது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "யாரையாவது 100 உறுப்பினரைப் பிடித்தால் அதில் 5 பேர் விலகுபவர்கள். எங்கள் பட்டியலிலிருந்து 100 பேரைப் பிடித்தால் 30 பேர் விலகுபவர்கள். பட்டியலில் 4,000 பேர் இருக்கிறார்கள்." நூற்றில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகச் சொன்னால் எவருக்கும் புரிகிறது. அந்த 4,000இல் உண்மையில் விலகப்போகிறவர்கள் 1,200 பேர். மொத்தம் 2,000இல் மீதி 800 பேர் நம் வலையில் சிக்கவில்லை. இந்த 800ஐ மறைக்காதீர்கள்.

அடுத்தது பணம். ஆளுக்கு 10 ரிங்கிட் கூப்பன் என்றால், எல்லாரும் பயன்படுத்திவிட்டாலும் செலவு 40,000 ரிங்கிட். 40,000 பேருக்கும் அனுப்பினால் 400,000. மாடலின் பெறுமதி இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. வேறெந்த அளவுகோலையும் ஸ்லைடில் போடத் தேவையில்லை. தங்கிவிடும் வாடிக்கையாளர் ஒருவரால் ஆண்டுக்கு 300 ரிங்கிட் மொத்த லாபம் என்று நிதித் துறை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். நீங்களாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் கூட்டம் முழுவதும் அந்த எண்ணைப் பற்றிய சண்டையிலேயே போய்விடும்.

கூப்பன் கிடைத்ததும் விலகவிருந்த ஐவரில் ஒருவர் மனம் மாறினால் 240 பேர், 72,000 ரிங்கிட். செலவு போக 32,000 மிச்சம். பத்தில் ஒருவர்தான் மாறினால் 120 பேர், 36,000 ரிங்கிட், 4,000 நட்டம். போட்டது திரும்பிவரும் புள்ளி 134 பேர். அதாவது 1,200 பேரில் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒருவர்.

இந்த 134 என்ற எண்ணைச் சொன்ன கணத்தில் அறையின் பேச்சே மாறும். "மாடல் சரியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "ஒன்பதுக்கு ஒருவரையாவது நம்மால் பிடித்துவைக்க முடியுமா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அது அவர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி.

ஐந்தாம் படி: விளக்கப்படம்

ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம். படத்தின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். "மாதாந்திர விற்பனை" என்பது பெட்டிமேல் ஒட்டும் சீட்டு. "ஷா ஆலம் கிளைகளில் மட்டும் விற்பனை சரிகிறது" என்பது செய்தி. பட்டைகளை எப்போதும் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். வட்டப்படத்தில் நான்கு துண்டுக்கு மேல் போனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டைக்கு வாருங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். தவிர, சீனப் பங்குச் சந்தையில் சிவப்பு என்றால் ஏற்றம். பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் எண்ணும் போட்டுவிட்டால் வம்பில்லை.

இதெல்லாம் சின்னச் சங்கதி. நான் அடிபட்ட இடம் நாள்காட்டி. மலேசியாவில் சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுவது பள்ளத்தைப் பார்க்காமல் நடப்பதுபோல. சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே தாவும். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும்: 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. 2025 மார்ச்சை 2024 மார்ச்சோடு அப்படியே ஒப்பிட்டால் பெருநாள் துணிமணியும் பலகாரமும் உங்கள் விளம்பரத்தின் சாதனையாகத் தெரியும். தீபாவளியும் அக்டோபர், நவம்பர் என்று மாறி மாறி வரும். செய்ய வேண்டியது எளிது: மாதத்தை விட்டுவிட்டு, பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரம், பிந்தைய இரண்டு வாரம் என்று எண்ணி ஒப்பிடுங்கள்.

வரி மாற்றங்களும் அப்படியே. 2018 ஜூன் 1 அன்று பொருள் சேவை வரி பூச்சிய விழுக்காடானது. செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி வந்தது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் விலையுயர்ந்த பொருள்களின் விற்பனை எழும்பியிருந்தால் அதற்கு எந்த மேதையும் காரணமல்ல. நீண்டகாலப் போக்கைக் காட்டும்போது இந்தத் தேதிகளையும், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய 2020 மார்ச் 18ஐயும் படத்தின்மேல் மெல்லிய கோடாகப் போட்டுவிடுங்கள். கேள்வி எழும் முன்பே பதில் அங்கே நிற்கும்.

ஆறாம் படி: எதுவும் நடக்காத இடங்களையும் காட்டுங்கள்

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு. உந்துகணைகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் வாதாடினார்கள். உந்துகணைப் பகுதிகளின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், நாளை ஏவ வேண்டாம் என்பது அவர்கள் சொன்னது. முடிவு சரியானது. ஆனால் கூட்டத்தில் அலசப்பட்டவை வளையம் பாதிக்கப்பட்ட பயணங்கள் மட்டுமே. அவற்றில் குளிரான நாளும் இருந்தது, வெப்பமான நாளும் இருந்தது. குளிருக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியவில்லை. மறுநாள் விண்ணோடம் 73ஆவது விநாடியில் சிதறியது. எழுவர் மாண்டனர்.

பிறகு விசாரணை ஆணையம் பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3இல் மட்டும் பாதிப்பு. 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களிலும், நான்கிலுமே, பாதிப்பு. மேலதிகாரிகளின் அவசரமும் அந்த இரவில் பெரும்பங்கு வகித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு வரியும் அன்றிரவு ஒரே தாளில் இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

நம் பேரங்காடிக்கு வருவோம். "விலகியவர்களில் 70 விழுக்காட்டினர் ஒருமுறையாவது புகார் கொடுத்தவர்கள்" என்று ஒரு ஸ்லைடு இருந்தால், உடனே கேட்டுக்கொள்ளுங்கள்: விலகாதவர்களில் எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள்? அங்கேயும் 70 என்றால் அந்த ஸ்லைடில் செய்தி ஒன்றுமில்லை.

ஏழாம் படி: ஐயத்தைச் சொல்லும் முறை

நிர்வாகிகளுக்கு நிச்சயமின்மை புதிதல்ல. நாணய மாற்று விகிதத்தையும் பனை எண்ணெய் விலையையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களுக்குப் பிடிக்காதது நம் மழுப்பல். "இது ஏதோ ஓரளவு காட்டுகிறது, ஆனால் மேலும் ஆராய வேண்டும்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

வீச்சைச் சொல்லுங்கள், அது எதைப் பொறுத்து மாறும் என்று சொல்லுங்கள், அதைக் கண்டுபிடிக்கச் சின்னதாக ஒரு வழி சொல்லுங்கள். "நன்றாகப் போனால் 32,000 ரிங்கிட் வரவு, மோசமாகப் போனால் 4,000 நட்டம். எல்லாம் கூப்பனுக்கு எத்தனை பேர் மசிவார்கள் என்பதில் இருக்கிறது. அது எங்களுக்கும் தெரியாது. ஆகவே பட்டியலில் உள்ள 4,000 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்போம். 2,000 பேருக்கு மட்டும் அனுப்புவோம். அதிகபட்சச் செலவு 20,000 ரிங்கிட். ஒரு காலாண்டில் பதில் கையில் இருக்கும்." கூப்பன் கிடைக்காதவர்களில் சுமார் 600 பேர் விலகுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம், கிடைத்தவர்களில் 480 பேர்தான் விலகினார்கள் என்றால் ஐவரில் ஒருவர் மசிந்திருக்கிறார். பெப்ரவரியில் நான் பட்ட அவமானத்துக்கும் இதுவே மருந்து. அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கூப்பன் அனுப்பாத வாடிக்கையாளர் குழு ஒன்று என்னிடம் இருந்திருந்தால், புத்தாண்டு இருபுறமும் சமமாக வந்திருக்கும்.

எட்டாம் படி: பத்து நிமிடத்துக்குத் தயாராக இருங்கள்

உங்களுக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். முந்தைய விவாதம் நீளும், டத்தோவுக்கு அழைப்பு வரும், 10 நிமிடம் மிஞ்சும். ஆகவே 30 நிமிடத்துக்கு ஒன்று, 10 நிமிடத்துக்கு ஒன்று, மின்தூக்கியில் கூடவே இறங்கும்போது சொல்ல ஒன்று என மூன்று வடிவமும் மனத்தில் இருக்க வேண்டும். முக்கியமான ஒரு பக்கத்தை அச்சடித்து எடுத்துப் போங்கள். திரையோடு கணினி இணைய மறுக்கும் நாள் கட்டாயம் வரும். முறை விளக்கம், கூடுதல் அட்டவணை எல்லாம் பின்னிணைப்பில் இருக்கட்டும். அதுதான் உங்கள் செக்ரோல் புத்தகம்.

போவதற்குமுன் ஒருமுறை படங்களைத் துருவிப் பாருங்கள். உறுப்பினர் பெயரோ அடையாள அட்டை எண்ணோ எங்காவது எட்டிப்பார்க்கிறதா? அந்த 12 இலக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பது வரை இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.

ஒன்பதாம் படி: கேள்வி நேரம்

"உங்கள் கணக்கு எங்கள் கிளைக்குப் பொருந்தாது" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். வாதாடாதீர்கள். "எந்த இடத்தில் பொருந்தவில்லை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி நேரம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். பதில் தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்பது போதும். ஆனால் வியாழக்கிழமை சொல்லிவிட வேண்டும்.

சிக்கலானது வேறு. தலைவர் ஆசை ஆசையாகத் தொடங்கிய திட்டம் தோற்றுக்கொண்டிருப்பதை உங்கள் கணக்கு காட்டினால்? எண்ணை மென்மையாக்கிவிடும் சபலம் வரும்; எனக்கு வந்திருக்கிறது. எண்ணைத் தொடாதீர்கள். அவரைத் தனியாகப் பார்த்து முதலில் அவரிடம் சொல்லுங்கள். திட்டத்தில் தேறும் பகுதி ஏதேனும் இருந்தால், அது உண்மையாகவே தேறினால், அதையும் எடுத்துப் போங்கள். குழுவின் முன் அவரே அதைச் சொல்ல வழிவிடுங்கள். பெருமை அவருக்குப் போகும். போகட்டும்.

பத்தாம் படி: கூட்டம் முடிந்த பிறகு

அன்று மாலையே அரைப்பக்க மின்னஞ்சல்: எடுத்த முடிவு, பொறுப்பாளர், தேதி, நாம் கணித்த எண். கடைசியில் உள்ளதைப் பலர் எழுதுவதில்லை, கணிப்பு பொய்த்துவிட்டால் எழுத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம். எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நாள்காட்டியில் ஒரு குறிப்புப் போட்டுக்கொண்டு, கேட்காமலேயே திரும்பிப் போங்கள். ஒரே ஸ்லைடு: இடப்பக்கம் அன்று சொன்னது, வலப்பக்கம் இன்று நடந்தது.

நான் அப்படிப் போன முதல் முறை வலப்பக்க எண் இடப்பக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஏன் பிசகியது என்று இரண்டு வரி சொன்னேன். நிதித் துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.